கடனின் நோக்கம்

சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன் என்று தெரிந்ததும் வங்கி நண்பர்கள் 'இன்க்ரிமெண்ட் உண்டா?' என்று கேட்டார்கள். இலக்கிய நண்பர்கள் 'நீங்களுமா?' என்று கேட்டார்கள். முதல் கேள்விக்கு இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு இந்த நாலு வருஷங்களில் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

அந்தக் கேள்வியில் இருந்த கசப்பை நான் குறை சொல்ல முடியாது. அதை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழக ஆய்வேடுகளைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் கேலியாக எழுதியவன் நான். மேற்கோள்களைக் கூட்டிக் கழித்து, கடைசியில் முடிவுரை என்று ஒரு விடையை அடிக்கோடிட்டுக் காட்டும் காரியத்துக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தமில்லை என்பது என் கட்சி. பார்வை உள்ளவனுக்குப் பட்டம் அவசியமில்லை, பார்வை இல்லாதவனுக்குப் பட்டத்தால் பிரயோஜனமில்லை என்று ஒரு கட்டுரையை முடித்திருந்தேன். வாக்கியம் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. அது சரிதானா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. 'பார்வை' என்ற சொல் நம்மிடையே அப்படித்தான் புழங்குகிறது, யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கைமாறுகிற நோட்டு மாதிரி.

நான் பி.ஏ.வில் படித்தது ஆங்கில இலக்கியம். கடனுக்காகச் சிறையில் கிடக்கும் குடும்பங்களைப் பற்றி டிக்கன்ஸில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். பிறகு வங்கித் தேர்வு எழுதி, காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிளையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு கூட்டம் வரும். நடவுக்கு முன்னால் இன்னொரு கூட்டம். தை பிறந்ததும் திருப்புகிறவர்களும் வைக்கிறவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மதிப்பீட்டாளர் நகையைக் கல்லில் உரசி, திராவகம் விட்டுப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, மிச்ச எடையைச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். பையில் போட்டு, சீட்டுக் கட்டி, பெட்டகத்துக்குள் வைப்போம். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒருவர் தனியாகத் திறக்க முடியாது.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தபோதுதான், நான் விமர்சனம் செய்துகொண்டிருந்த நாவல்களில் வராத ஏதோ ஒன்று தினமும் என் முன்னால் நடக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு சங்கிலியை மட்டும் நீட்டுகிற பெண்கள். அக்காவின் வளையலை வைத்துத் தங்கைக்குத் தோடு திருப்புகிறவர்கள். வருஷம் தவறாமல் வந்து வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிட்டு, பையிலிருக்கும் நகையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் போகிறவர்கள். அஞ்சல் வழியில் சமூகவியல் எம்.ஏ. படித்தேன். தேசியத் தகுதித் தேர்வு எழுதினேன். பெண்கள் ஏன் நகையை அடகு வைக்கிறார்கள், அந்த முடிவை வீட்டில் யார் எடுக்கிறார்கள் என்பதை ஆய்வுத் தலைப்பாக எழுதிக் கொடுத்தேன்.

2022 நவம்பரில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் இந்தப் படிப்புக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம் என்கின்றன. மறுபதிவு செய்தால் மேலும் 2 வருஷம் கிடைக்கும். வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் செய்கிறவர்கள் வேலை கொடுத்தவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று சான்று வாங்கித் தரவேண்டும். அந்தச் சான்றில், அலுவலக வேலை இவருக்கு ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் விடுகிறது என்றும் ஒரு வாசகம் இருக்கவேண்டும். எங்கள் மேலாளர் மார்ச் மாதக் கடைசியில், இரவு எட்டரை மணிக்கு, கணக்கு முடிக்கிற அவசரத்தில் அதில் கையெழுத்துப் போட்டார். நேரத்தைப் பற்றி நாங்கள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பாடத்திட்டத்தில் ஸிம்மல் எனக்கு முன்பே அறிமுகம். 1900இல் 'பணத்தின் தத்துவம்' எழுதியவர். எதையும் அதன் தனிக்குணம் போய் அளவாக மட்டும் ஆக்கிவிடுகிற சக்தி பணத்துக்கு உண்டு என்று அவர் விளக்கும் இடங்களைப் படித்தபோது எங்கள் கவுண்ட்டர் தராசு என் கண்முன்னால் வந்தது. அம்மா வீட்டில் போட்ட சங்கிலி, முதல் சம்பளத்தில் வாங்கிய மோதிரம் என்பதெல்லாம் தட்டில் ஏறியதும் கிராமாகி, ரூபாயாகிவிடுகிறது. ஆனால் அதே நகை திரும்பி வரும்போது பழையபடி அம்மா வீட்டுச் சங்கிலி ஆகிவிடுகிறதே, அது எப்படி என்பது என் கேள்வி.

ஸிம்மலை நான் விரும்பியதற்கு இன்னொரு, அவ்வளவு உயர்வில்லாத காரணமும் இருந்தது. அடிக்குறிப்புகளைப் பொருட்படுத்தாமல் கட்டுரை எழுதியவர் அவர். இசையின் தோற்றம் பற்றி அவர் முதலில் கொடுத்த ஆய்வேட்டைப் பெர்லின் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. கான்ட் பற்றி எழுதிப் பரிசு வாங்கியிருந்த வேறொரு கட்டுரைக்காக 1881இல் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1914இல், ஸ்ட்ராஸ்பர்கில். அப்போது அவருக்கு 56 வயது. யூதர் என்பது அவருக்கு எதிராக நின்ற காரணங்களில் ஒன்று. மற்றது அவர் எழுதிய விதம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் உண்டானது. பல்கலைக்கழகத்துக்குள் போயும் சிறுபத்திரிகைக்காரனாகவே இருந்துவிடலாம் என்ற சந்தோஷம். அது எவ்வளவு சௌகரியமான சந்தோஷம் என்பது களத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

களவேலையில் முதல் தடங்கல் வங்கியே. வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலையில் சேரும்போது எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் எனக்குத் தெரிந்தது எதையும் ஆய்வில் பயன்படுத்தக்கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர்த் தெருக்களுக்குப் போனேன், யாரென்று தெரியாத ஆளாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில். இரண்டாவது ஞாயிறு ஒரு பையன் வாசலிலிருந்து உள்ளே பார்த்துக் கத்தினான்: "அம்மா, நகைக்கடன் சார் வந்திருக்காரு!" உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வெளியே வந்தபோது கையில் அடகுச் சீட்டு இருந்தது. ஏல நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார்.

1960களின் ஆரம்பத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு ஆந்த்ரே பெத்தெய் தன் டாக்டர் பட்ட ஆய்வுக்காக வந்தார். ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்து அவர் எழுதிய ஆய்வு 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்று 1965இல் புத்தகமாக வந்தது. அவருக்குத் தங்க இடம் கிடைத்தது அக்ரஹாரத்தில். அங்கே தங்கள் ஆளாகவே அவரை ஏற்றுக்கொண்டார்கள். அதனாலேயே பிராமணரல்லாதார் தெருவுக்கும் ஆதிதிராவிடர் தெருவுக்கும் அதே சுவாதீனத்தோடு அவரால் போய்வர முடியவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். முதல் தடவை படித்தபோது இதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு ஓரத்தில் கோடு போட்டேன். அந்த அம்மாள் கையில் சீட்டோடு நின்ற பிறகு திரும்பப் படித்தேன். என் அக்ரஹாரம் கவுண்ட்டர். பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனாலும் அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.

இதற்கு மேலும் ஒன்று சொல்லவேண்டும். எந்தத் தெருக்களில் என்னைக் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள், எந்தத் தெருவில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கடையிலிருந்து சோடா வாங்கிவந்து கொடுத்தார்கள் என்று என் நோட்டில் குறிப்பு இல்லை. ஆனால் பேட்டிகளின் நீளத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். கூடத்துப் பேட்டிகள் ஆறு பக்கம், ஏழு பக்கம் போகின்றன. மரத்தடிப் பேட்டிகள் ஒன்றரைப் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. அடகு வைக்கக் குண்டுமணித் தங்கம்கூட இல்லாத வீடுகளில் பேட்டியே இல்லை. என் தலைப்பு அவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

இப்படி 80 சொச்சம் பேட்டிகள் சேர்ந்தன. அடகு வைத்ததற்குக் காரணம் என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் சொன்ன பதில் குடும்பச் செலவு. நெறியாளர் சொன்னபடி அதை உட்பிரிவுகளாக உடைத்து அட்டவணை போட்டேன். இதில் ஒரு பேட்டி மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எங்கள் கிளைக்கு வருஷா வருஷம் வருகிறவர். நான் போன தெருவில்தான் அவர் வீடு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாடிக்கையாளரானதால் அவரைப் பேட்டி எடுக்கக்கூடாது என்று எழுந்தேன். அவர் விடவில்லை. "எல்லாரையும் கேக்கறீங்க, என்னைக் கேக்கமாட்டீங்களா தம்பி?" என்றார். கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடும்பச் செலவுன்னு போட்டுக்குங்க."

அவர் சொன்னது பதில்தானா என்று எனக்கு அப்போது சந்தேகம் வரவில்லை. விதிப்படி அந்தப் பேட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அதோடு சரி.

போன வருஷம் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. பகுதிநேர மாணவனுக்கு உதவித்தொகை கிடையாது. களவேலைக்காகச் சம்பளமில்லாத விடுப்பும் எடுத்திருந்தேன். வீட்டில் பேசினோம். பேசினோம் என்று சொல்வது மிகை. நான் தொகையைச் சொன்னேன். மனைவி உள்ளே போய் இரண்டு வளையல்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "எப்ப திருப்புவீங்க?" என்று மட்டும் கேட்டாள். முடிவை வீட்டில் யார் எடுக்கிறார்கள் என்பது என் ஆய்வின் இரண்டாம் கேள்வி. அன்றைக்கு என் வீட்டில் யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேறு கிளைக்குப் போகலாமா என்று யோசித்தேன். பிறகு எங்கள் கிளையிலேயே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். என் நாற்காலியில் அன்று ஒரு புதுப் பையன். மதிப்பீட்டாளர் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் வளையல்களை வாங்கிக் கல்லில் உரசினார். ஒன்பது வருஷமாகக் கேட்ட சத்தம்தான். இருந்தும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. எடை காட்டும் எண்கள் நிற்கிறவர்களுக்குத் தெரியும்படிதான் தராசைத் திருப்பி வைத்திருப்போம். நான் அதைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஞாபகம் வந்தது: எல்லோரும் அந்தக் காலண்டரைத்தான் பார்ப்பார்கள். என் கண் முன்னாலேயே ஒன்பது வருஷமாக, எடை போடும் நேரம் முழுதும், அதே இடத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். தேதி பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். என் நோட்டுகளில் எங்கேயும் காலண்டர் இல்லை.

பையன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டு வந்தான். கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் நிறுத்தி, "சார், குடும்பச் செலவுன்னு போட்டுக்கவா?" என்றான். தலையாட்டினேன்.

அவன் கேட்டது என் வாக்கியம். வரிசை நீளமாக இருக்கும்போது, எதிரே நிற்கிறவர் தயங்கினால், நான் ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அந்தப் பெண்மணி என் கேள்விக்கு என் சொல்லையே திருப்பிக் கொடுத்திருக்கிறார். மற்ற வீடுகளிலும் எத்தனை பேர் ஏதாவது ஒரு கவுண்ட்டரில் யாராவது ஒரு குமாஸ்தா சொல்லிக்கொடுத்ததை எனக்குச் சொன்னார்களோ தெரியாது. அட்டவணையில் நான் உடைத்து அடுக்கியதில் எங்கள் உத்தியோகத்தின் குரல் எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழி இல்லை.

சொல்வதும் உண்மையும் வேறு என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. ஆய்வு முறையியல் பாடத்தில் முதல் வாரமே எச்சரிக்கிறார்கள். ஆனால் நான் தலையாட்டியது பொய் சொல்வதற்காக அல்ல. உண்மையைச் சொல்வதிலும் வெட்கப்பட ஏதுமில்லை. படிப்புக்குத்தான் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த நேரத்தில் வீட்டைப் பற்றி அந்தக் கட்டத்துக்குள் எதையும் கொடுக்க மனம் வரவில்லை. நகையைக் கொடுத்தாயிற்று, காரணத்தையாவது நாமே வைத்துக்கொள்வோம் என்று தோன்றியது. குடும்பச் செலவு என்ற சொல் அதற்கு உதவியது. அது பதிலல்ல, சாத்திவைக்கிற கதவு. நான் நாலு வருஷமாக அந்தக் கதவைப் பதில் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதவேண்டியது. மொழிபெயர்த்ததும் அது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு மாதிரி ஆகிவிட்டது. கதவு இருந்த அடையாளமே போய்விட்டது.

வீட்டில் கேட்டாள்: "நோக்கம் என்னன்னு போட்டீங்க?" சொன்னேன். சிரித்தாள். "என்னை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், உங்க ஆராய்ச்சிக்கு" என்றாள். என்ன கேட்டிருக்கவேண்டும் என்று கேட்டேன். "இப்ப கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்தில் ராம்புரா என்ற கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர். 1970 ஏப்ரலில் அவர் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, யாரோ வைத்த தீயில், பல வருஷங்களாகச் சீர்செய்து வைத்திருந்த குறிப்புகளின் பிரதிகள் மூன்றும் எரிந்துபோயின. ஞாபகத்திலிருந்தே எழுதத் தீர்மானித்து, 1976இல் 'நினைவில் நின்ற கிராம'த்தை வெளியிட்டார். என் குறிப்புகளை யாரும் எரிக்கவில்லை. இருந்தாலும் அன்று இரவு அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஞாபகத்தில் இருப்பதை மட்டும் எழுதினேன். காரணங்கள் ஒன்றும் வரவில்லை. காலண்டர் வந்தது. கீழே விழுந்த பாத்திரம் வந்தது. சோடா பாட்டில் வந்தது. விடியும்வரை எழுதி, 22 பக்கம் ஆயிற்று.

அதை நெறியாளரிடம் கொடுத்தேன். சிரத்தையாகப் படித்தார். "நல்லா இருக்கு. ஆனா இதை எந்த அத்தியாயத்துல வைப்பீங்க?" என்றார். ஸ்ரீநிவாஸைச் சொன்னேன். "அவர் அதை எழுதறப்போ கையில ரெண்டு டாக்டர் பட்டம் இருந்தது, பம்பாய்ல ஒண்ணு, ஆக்ஸ்ஃபோர்டுல ஒண்ணு. நீங்க முதல்ல ஒண்ணு வாங்குங்க" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, முறையியல் அத்தியாயத்தில் 'ஆய்வாளரின் நிலை' என்று இரண்டு பக்கம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆய்வேட்டைப் படிக்கப்போகிற தேர்வாளர்கள் எதை ஏற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு பக்கத்தில் நான் உட்கார்ந்த இடத்தைச் சொல்லிவிட்டு, மீதி இருநூற்றைம்பது பக்கத்திலும் யாருமே உட்காராத இடத்திலிருந்து எழுதுகிற பாவனையில் எப்படி எழுதுவது?

இனி 'நீங்களுமா?' என்பதற்கு வருகிறேன். நானும்தான். ஏனென்றால், இத்தனை வருஷம் இந்தப் பக்கங்களில் எழுதியபோது நீ எங்கே உட்கார்ந்து பார்க்கிறாய் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. பார்வை இருக்கிறதா என்றுதான் கேட்டோம். ஒரு நாவலை எடுத்துக்கொண்டு, இதன் நோக்கம் என்ன என்று கவுண்ட்டரிலிருந்து கேட்டு, படைப்பாளி தயங்கியபோது நாமே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்து, கட்டத்தை நிரப்பியிருக்கிறோம். என் பழைய கட்டுரைகளைத் திரும்பிப் பார்த்தால் அதுதான் தெரிகிறது. பல்கலைக்கழகம் இரண்டு பக்கமாவது கேட்கிறது. அது போதாது என்று அங்கே சண்டை போடவேண்டும். நாம் அதைக்கூடக் கேட்பதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

அட்டவணை அத்தியாயத்தை எடுத்துவிடவில்லை. அதற்கு அடுத்த அத்தியாயமாக, அந்த எண்கள் எங்கே, யார் சொல்லிக்கொடுத்து உண்டாகின்றன என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். நெறியாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. இப்போது கவுண்ட்டரில் யாராவது நோக்கத்துக்குத் தயங்கினால் நான் வாயைத் திறப்பதில்லை, காத்திருக்கிறேன். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கடைசியில் குடும்பச் செலவு என்றுதான் சொல்கிறார்கள். சிலர் வேறு ஏதாவது சொல்கிறார்கள். அதை நான் எழுதக்கூடாது.

வளையல்கள் இன்னும் பெட்டகத்தில்தான் இருக்கின்றன. போன மாதம் வட்டியைக் கட்டிப் புதுப்பித்தேன்.